சவுக்குத் தோப்பு மண்

என் அண்ணன் கேசவன் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இத்தனைக்கும் அது பொன்னேரியில் ஓர் அரிசிக் கடைக்கு மேல்மாடி. இரண்டே அறை. ஒன்றில் ஃபிரிட்ஜும் மேசையும், இன்னொன்றில் மண் காயவைக்கும் தட்டுகள். ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. அங்கே மண் பரிசோதிக்கிற வேலை எனக்கு. கீழே அரிசி மூட்டை இறக்கினால் மேலே என் கண்ணாடிக் குடுவைகள் ஆடும். இதை ஆஸ்பத்திரி மாதிரி நினைத்துப் பயந்து நின்றவனைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

அவன் கொண்டுவந்த தெர்மாகோல் பெட்டியில் பைபையாகச் சேறு இருந்தது. பழவேற்காடு ஏரியில் எங்கள் குப்பத்துக்கு எதிரே ஒரு வடிகால் வந்து விழுகிறது. மேற்கே இருக்கிற நெல் வயல்களின் தண்ணீரெல்லாம் அது வழியாகத்தான் ஏரிக்கு வரும். மூன்று வருடமாக, நடவு முடிந்து முதல் மழை பெய்ததும், வடிகால் வாயில் எறா, அதாவது இறால், கிடைப்பதில்லை. தண்ணீருக்கு அடியில் புல் கருகிக் கிடக்கிறது. வயலில் மணலோடு கலந்து தூவுகிற களை மருந்துதான் காரணம் என்கிறது குப்பம். மழைத்தண்ணீர் அதிகமாகி உப்பு குறைந்தால் எறா தானாகவே ஓடிவிடும், அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள் வயல்காரர்கள். இரண்டும் நடக்கக்கூடிய விஷயம்தான். அதனால்தான் மூன்று வருடமாகச் சண்டை ஓயவில்லை.

குப்பம் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. மருந்து போட்ட பிறகு பத்து நாள் வடிகால் ஷட்டரை இறக்கி வையுங்கள், மருந்து வயலிலேயே அடங்கட்டும் என்றார்கள். தகராறை விசாரிக்க வந்த அதிகாரி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, சேற்றில் மருந்து இருப்பதைக் காட்டுங்கள், வெள்ளிக்கிழமைப் பேச்சுவார்த்தையில் உத்தரவு போட்டுவிடலாம் என்று சொல்லியிருந்தார். அண்ணன் என்னிடம் சொன்னது அதைவிடச் சுருக்கம். இந்த முறையும் ஷட்டர் இறங்கவில்லை என்றால் வலையை விற்றுவிட்டு, அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டு வேலைக்குப் போய்விடுவானாம். அம்மா குப்பத்தை விட்டு வரமாட்டாள். அவள் தனியாக இருப்பாள்.

ஆகவே இந்தச் சேறு எனக்கு வெறும் சேறு இல்லை. நானே போய் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவிடவில்லை. எங்கள் ஏரியில் எறா பிடிக்கிற இடத்துக்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த நாளில் எந்தப் பாடு என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். முறை இல்லாதவன் அங்கே துடுப்பைக்கூட வைக்கக் கூடாது. அண்ணனுடைய முறை வந்த அன்று நானும் படகில் வருகிறேன் என்றேன். முதல் வலை இறக்கும்போது பொம்பளை ஏறக் கூடாது என்று அண்ணனுடைய கூட்டாளிகள் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். மண் விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கியது இந்தப் பதிலைக் கேட்பதற்குத்தான் போலிருக்கிறது. எரிச்சலை அடக்கிக்கொண்டு, பைகளையும் ஐஸ் பெட்டியையும் அம்மாவிடம் கொடுத்து, அண்ணன் எடுத்துவரும் சேற்றை எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெயில் படக் கூடாது. ஐஸ் குறையக் கூடாது. மண் கெட்டுப் போகக் கூடாது. கூடவே லைட்ஹவுஸ் பக்கத்துச் சவுக்குத் தோப்பிலிருந்தும் ஒரு பை மண் எடுத்து வைக்கச் சொன்னேன். அந்த மண்ணில் எந்த ஜென்மத்திலும் யாரும் மருந்து போட்டதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான மண் வேண்டும், இல்லாவிட்டால் சோதனைக்கு மதிப்பில்லை.

சோதனையை அண்ணனுக்கு விளக்கியபடியே செய்தேன். பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். அதற்கு இந்தக் களை மருந்து ஒன்றைத்தான் பிடிக்கத் தெரியும். குழிக்குள் மண்ணின் சாற்றை விடுவோம். கூடவே, நிறம் கொடுக்கிற பொருளைக் கட்டிய அதே மருந்தையும் கொஞ்சம் விடுவோம். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். ஷேர் ஆட்டோ மாதிரிதான், சீட்டு குறைவு. மண்ணில் மருந்து இருந்தால் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும், நிறம் கட்டியது வெளியே நின்றுவிடும், கழுவினால் போய்விடும். நிறம் வந்தால் மண் சுத்தம். நிறம் வராவிட்டால் மருந்து இருக்கிறது.

“அப்ப வெள்ளையா இருந்தா நமக்கு நல்லது,” என்றான் அண்ணன். ஆமாம் என்றேன்.

கழுவி முடித்து, கடைசித் திரவத்தை விட்டுக் காத்திருந்தோம். அளவு தெரிந்த மருந்தைக் கலந்து வைத்திருந்த குழிகளில், மருந்து குறையக் குறைய நீலம் படிப்படியாக ஏறியது, தட்டில் பழுதில்லை. ஏரிச் சேற்றுக் குழிகளில் ஒரு சொட்டு நீலம் இல்லை. அப்படியே வெளுத்துக் கிடந்தன. அண்ணன் அதுவரை கட்டியிருந்த கையை அவிழ்த்து, போனை எடுத்துத் தட்டை வீடியோ எடுத்தான். “மெய்யாலுமே மருந்துதான். எல்லாம் வெள்ளையா கீது பாரு. என் தங்கச்சி கண்டுபுடிச்சிட்டா,” என்று சொல்லியபடியே அதைக் குப்பத்து வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவிட்டான். நான் கடைசி வரிசையைப் பார்ப்பதற்குள் அனுப்பிவிட்டான்.

கடைசி வரிசையில் சவுக்குத் தோப்பு மண். ஆழ்ந்த நீலமாக இருந்திருக்க வேண்டியது. அதுதான் எல்லாவற்றையும்விட வெள்ளையாக இருந்தது.

மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். சவுக்குத் தோப்புக்கு யார் போய்க் களை மருந்து தூவினார்கள்? பைகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தண்ணீர் விட்டிருந்தது. ஏரிச் சேறுதானே, தண்ணீர் விடத்தானே செய்யும் என்று முதலில் கண்டுகொள்ளாமல் இருந்தேன். தோப்பு மணல் ஏன் தண்ணீர் விடவேண்டும்? விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“யம்மா, அந்த மண்ணுல இன்னா போட்ட?”

“இன்னாத்தப் போட்டேன்? ஒண்ணும் போடலியே. உப்புதான்.”

“உப்பா?”

“நீதான கெட்டுப் போவாம வைன்ன. ஏரிச் சேறு ஒரு நாளு தாங்காது, நாறிடும். ஐஸ நம்ப முடியுமா? பைக்கு ஒரு கை கல்லுப்பு போட்டு நல்லா பெசறி வெச்சேன். இன்னா, நல்லா இருந்துச்சா?”

“தோப்பு மண்ணு?”

“அது மொதல்ல எடுத்ததாச்சே. ரொம்ப நாளு இருக்கணுமேன்னு ரெண்டு கை போட்டேன்.”

குரலில் அவ்வளவு திருப்தி. வாழ்நாள் முழுக்கக் கருவாடு போட்டவள். அவள் கையில் எதுவும் கெட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை. நான் போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். அழவேண்டும் போலவும் எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கவேண்டும் போலவும் இருந்தது. உடைப்பதற்கு அங்கே இருந்தது எல்லாம் நிறுவனத்தின் சொத்து.

உப்பு ஒரு அளவுக்கு மேல் போனால் ஆன்டிபாடிக்குப் பிடியே நழுவிவிடும். மருந்தும் உட்காராது, நிறம் கட்டியதும் உட்காராது. எல்லாம் கழுவிக்கொண்டு போய், குழி வெள்ளையாக நிற்கும். ஏரிச் சேற்றில் இயல்பாக இருக்கிற உப்புக்கு நான் வழி செய்து வைத்திருந்தேன். அம்மாவின் கையளவு உப்புக்கு வழி செய்யவில்லை. இன்னும் தண்ணீர் சேர்த்து உப்பைக் குறைக்கலாம் என்றால், மருந்தும் கூடவே குறைந்து சோதனைக்கு எட்டாமல் போய்விடும். இந்த வெள்ளை மருந்தா உப்பா என்று யாராலும் சொல்ல முடியாது.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, “இத்த யாருக்கு சொல்லணும்?” என்றான்.

“எல்லாருக்கும்.”

“இன்னாத்துக்கு? மருந்து இருக்குதுன்னு நமக்குத் தெரியும். தட்டும் இருக்குதுன்னுதான சொல்லுது.”

“தோப்புலயும் இருக்குதுன்னு சொல்லுதுண்ணா.”

“தோப்ப யாரு கேக்கப் போறா? நீ ஏன் காட்டற?”

ஃபிரிட்ஜைத் திறந்தேன். சோதனைத் தட்டில் ஒரே ஒரு பட்டைதான் மிச்சம் இருந்தது, எட்டுக் குழி. மாதக் கடைசியில் அதுவும் காலாவதி. புதுச் சேறு கிடைத்தால் ஒருமுறை செய்யலாம். அண்ணனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸிலிருந்து பார்த்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் நாற்று பச்சைப் பசேலென்று நிற்கிறது. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. நாற்றின் மேல் என்ன கோபம் என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

வடிகால் வாயில் இருக்கிற பாடு அப்போது குப்பன் மாமாவுடைய ஆட்களின் முறையில் இருந்தது. சுத்துவலைக்குக் கழி நட்டு வைத்திருந்தார்கள். கரையில் அவரைப் பிடித்து, ஒரு பை சேறு மட்டும் வேண்டும் மாமா, நான் இறங்கவில்லை, நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் போனை எடுத்து அண்ணன் அனுப்பிய வீடியோவையே எனக்குக் காட்டினார்.

“அதான் வந்துடுச்சே, பாப்பா. அப்பறம் இன்னாத்துக்கு இன்னொரு தபா சேறு?”

அந்த முடிவு தப்பு என்றேன். வெள்ளையாக இருந்தால் மருந்து என்று உன் அண்ணனே சொல்கிறானே என்றார். உப்புக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, வெள்ளிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார். வலை கட்டியிருக்கும்போது சேற்றைக் கலக்கினால் வருகிற எறாவும் ஓடிவிடும், முறை முடிந்ததும் பார்க்கலாம் என்றார். முறை சனிக்கிழமைதான் முடிகிறது. முடிவு தெரிந்துவிட்டதால் சேறு கிடையாது, சேறு இல்லாததால் முடிவு கிடையாது. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸில் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. வீடியோ வயல்காரர்கள் கைக்கும் போயிருந்தது. அவர்கள் தரப்பில் பேச வந்தவர் ராஜவேலு. போன வருடம் ஷட்டர் தானாக அடைத்துக்கொண்டபோது நாற்று மூழ்கி அழுகி, இரண்டாம் முறை நட்டவர். அவர் கத்தவில்லை. “நாங்க போடற மருந்து எங்க வயல்லயே நிக்கணும்னு எங்களுக்கு மட்டும் ஆச இல்லியா? மழை வந்து ஒடச்சிக்கினு போனா நான் இன்னா பண்றது?” என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதிகாரி என்னைப் பார்த்து, சோதனை முடிவைச் சொல்லுங்கள் என்றார். அண்ணன் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா வாசலில், குப்பத்துப் பெண்களோடு நின்றிருந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தன் மகள் பேசுவதைப் பார்க்க வந்திருக்கிறாள்.

இருக்கிறது என்ற ஒரு வார்த்தை போதும். ஷட்டர் இறங்கிவிடும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால், அடுத்த வருடம் இதே ராஜவேலு தன் வயல் மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தால் எந்த முகத்தோடு வாங்குவேன்? சொல்லிவிட்டேன். மாதிரி மண்ணில் உப்பு கலந்துவிட்டது, இந்தச் சோதனை செல்லாது, மருந்து இருக்கிறதென்றோ இல்லையென்றோ இதை வைத்துச் சொல்ல முடியாது. எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதியும் கொடுத்தேன்.

உப்பு எப்படிக் கலந்தது என்று அதிகாரி கேட்டார். மாதிரியைப் பாதுகாத்து வைத்ததில் நடந்த தவறு என்றேன். பெயர் சொல்லவில்லை. என்ன பிரயோஜனம்? குப்பத்தில் யார் மண்ணைப் பாதுகாத்து வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வாசலில் நின்றிருந்த அத்தனை பெண்களும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கூட்டத்திலிருந்து விலகி, தனியாக ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள்.

ஷட்டர் இறங்கவில்லை. வெளியே வரும்போது ராஜவேலு என்னை நிறுத்தி, “நல்லா இரும்மா, நாயமாப் பேசின,” என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். அந்த வாழ்த்து அன்றைக்கு நான் வாங்கிய அடிகளில் பெரியது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வலையை விற்றான். திங்கட்கிழமை காலை அண்ணியும் குழந்தையும் அவனும் ஒரு குட்டி யானை வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். குழந்தை கையாட்டியது. அம்மா கடைசி நிமிடத்தில் ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி, “உப்பு சரியா போட்டியா ஜெயம்மா?” என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அம்மா உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை ஆய்வுக்கூடத்தின் மாடிப்படியில் யாரோ மெதுவாக ஏறி வருகிற சத்தம் கேட்டது. குப்பன் மாமா. கையில் ஐஸ் பெட்டி. உள்ளே ஏரிச் சேறும், தனியாகத் தோப்பு மண்ணும்.

“எங்க மொறையிலயும் ஒண்ணும் வரல பாப்பா. வலைய ஒதறுனா பாசிதான். சனிக்கெழமயே எடுத்து ஐஸ்ல வெச்சிட்டேன். இத்த எடுத்தாந்து உன் கைல குடுக்க எனக்கு மனசு வர இத்தினி நாளாச்சி.”

“உப்பு?”

“எங்க ஊட்டுப் பொம்பளைங்கள கிட்டவே உடல.”

கடைசிப் பட்டையை எடுத்தேன். தவறு நடந்தால் இன்னொன்று இல்லை. ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை சரிபார்த்துச் செய்தேன். குப்பன் மாமாவும் செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணன் நின்ற அதே இடத்தில் நின்றார். இந்த முறை முதலில் தோப்பு மண்ணைத்தான் பார்த்தேன். நீலம். நல்ல ஆழமான நீலம். ஏரிச் சேற்றுக் குழிகள் வெளுத்தே கிடந்தன. இதற்கிடையே மழை வேறு பெய்து கழுவியிருந்தும் வெளுத்துக் கிடந்தன. எறா ஏன் வரவில்லை என்று இந்தத் தட்டு சொல்லாது. ஆனால் சேற்றில் மருந்து இருக்கிறது. சந்தேகமே இல்லாமல் இருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு அன்று மதியமே அதிகாரியிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு நான் எழுதிக் கொடுத்த காகிதத்தையே எடுத்து எனக்குக் காட்டினார். போன வாரம் செல்லாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இந்த வாரம் செல்லும் என்றால் எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளுமா, இந்தப் பருவத்துக்கு மருந்து தூவுவதும் முடிந்துவிட்டது, அடுத்த நடவுக்கு முன்பாக வாருங்கள் என்றார். தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டப்படி சரியாக நடந்துகொள்கிறவர்களிடம் சண்டை போடவும் வழியில்லை. அடுத்த நடவு வரும்போது அந்தப் பாட்டில் இறக்க அண்ணனிடம் வலை இருக்காது.

பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன். பின்னால் இரும்புச் சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

“தோப்பு மண்ணு?”

“நீலம்ணா.”

“அப்ப மருந்துதான்.”

“மருந்துதான்.”

யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வரேன் என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, “அம்மா கைல சொல்லாத,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன். அம்மா ஒருத்திக்கு மட்டும் உலை வைத்திருந்தாள். குப்பன் மாமா சேறு கொண்டுபோன செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. என்னை உட்காரச் சொல்லக்கூட இல்லை.

“இன்னா வந்துச்சி?” என்றாள்.

நானே அடுப்போரம் போய் உட்கார்ந்தேன்.

“நான் மட்டும் அந்த உப்பப் போடாம இருந்திருந்தா, அண்ணன் இங்கதான இருந்திருப்பான்?”

பஞ்சாயத்து ஆபீஸில் அத்தனை பேர் முன்னால், வாயைத் திறந்து உண்மையைச் சொன்னவள் நான். அதற்காகக் குப்பம் முழுக்க என்னை முறைத்தபோதும் நிமிர்ந்தே நடந்தேன்.

“இல்லம்மா. உப்பு இல்லாமலே செஞ்சி பாத்துட்டேன். சேத்துல ஒண்ணும் இல்ல,” என்றேன்.

அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எனக்கும் சேர்த்து இன்னொரு பிடி அரிசி எடுத்துக் கழுவி உலையில் போட்டாள்.